புகைச் சீட்டு

கார் வாங்கலாம் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் நடந்தது நிறச் சண்டை. மாடியில் குடியிருக்கும் நாத்தனார், "அண்ணி, சிவப்பு எடுங்க, எடுப்பா இருக்கும்" என்றாள். அவள் வீட்டுக்காரர், வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது என்றார். காசு என்னுடையது, ஓட்டப்போவதும் நான். ஆனால் என்னைத் தவிர எல்லோரிடமும் ஒரு நிறம் இருந்தது.

எனக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். போன வருஷக் கடைசியில் கூடத்தை நகர மையத்தில் இருக்கிற புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். காலை ஆறு மணிக்கு நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் அதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் சமர்த்து. இரண்டாவது பஸ் நினைத்தால் வரும், இல்லையென்றால் இல்லை. பசியில் நிற்கிற சர்க்கரை நோயாளியிடம் பஸ் வரவில்லை என்று நாலு தடவை சொல்லிவிட்டேன். ஐந்தாவது தடவை சொல்ல எனக்கு முகமில்லை.

வீட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர், இருபத்து மூன்று சிக்னல். போதாக்குறைக்கு ஒரு புது விதி. வரும் வருஷம் முதல் நகர மையத்துக்குள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கார்தான் நுழையலாம். புகை குறைவாக விடுகிற வண்டிக்குத்தான் பச்சை ஸ்டிக்கர். அதைப் புகைப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிற எண்ணைப் பார்த்துத் தருவார்கள்.

அந்தச் சீட்டைத் தருகிற ஆள் என் வீட்டிலேயே இருந்தார். இவர், என் கணவர், புகைப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருஷமாக இருக்கிறார். கார் வந்து நிற்கும். சைலென்சருக்குள் இவர் குழாயைச் செருகுவார். மெஷின் எண்ணைக் காட்டும். அதைக் கம்ப்யூட்டரில் தட்டி, சீட்டை அச்செடுத்துக் கையெழுத்துப் போடுவார். அன்றாடம் நாற்பது வண்டி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டை ஒரு பக்கம் நாறும், ஆள் ஒரு பக்கம் நாறுவார். ஆனாலும் கார் விஷயத்தில் இவர் சொன்னால் எனக்கு அது வேதவாக்கு. வீட்டிலேயே டாக்டரை வைத்துக்கொண்டு யாராவது பக்கத்துத் தெரு டாக்டரிடம் போவார்களா?

நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். எங்கள் கூடத்து ரிப்போர்ட் மாதிரியேதான்: ஒரு பக்கம் வண்டி, பக்கத்தில் எண், அதற்குப் பக்கத்தில் 'இருக்க வேண்டிய அளவு'. நகரத்துக்குள் மைலேஜ், புகை, நீளம், எடை. இவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"கம்பெனிக்காரன் போட்ட மைலேஜை அப்படியே எழுதியிருக்கியே. அது கல்யாணத்துக்கு எடுத்த போட்டோ. தினமும் அந்த மூஞ்சி இருக்குமா?"

"அப்ப எதை எழுதறது?"

"மூணுல ஒரு பங்கைக் கழிச்சிட்டு எழுது."

கழித்துவிட்டு எழுதினேன். நல்ல வண்டிகளில் பாதி அங்கேயே அடிபட்டுப் போயின.

முதலில் எதிர்வீட்டுக்காரரின் டீசல் கார் வந்தது. பெட்ரோலைவிடக் குறைவாகக் குடிக்கும் என்று அவர் சத்தியம் செய்தார். இவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "டீசலுக்குப் புகையை வடிகட்ட உள்ள ஒரு சல்லடை இருக்கு. நீண்ட தூரம் சூடா ஓடினாத்தான் அதுல படியிற கரி எரிஞ்சு போகும். நீ ஓட்டப்போறது பதினோரு கிலோமீட்டர். ஆறே மாசத்துல அடைச்சுக்கும்." எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

இரண்டாவது ஒரு சின்ன கார். பார்க்க லட்சணமாக இருந்தது. சின்ன எஞ்சினுக்குள் பெரிய பலத்தைத் திணித்திருந்தார்கள். விற்பனைப் பையன் லிட்டருக்கு இருபத்திரண்டு என்றான். இவர் அதை மாலை ஐந்தரை மணிக்குக் கடைவீதிக்குள் விடச் சொன்னார். நான் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்தார். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று கிளம்பி, முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு. "மிச்சம் பத்து எங்க போச்சுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வா, தம்பி" என்று அவனிடம் சாவியைக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு ஆளை எந்தக் காசுக்கும் வாடகைக்கு எடுக்க முடியாது.

மூன்றாவது வண்டியை இவரேதான் கொண்டுவந்தார்.

"பல் டாக்டர் ஒருத்தர் வண்டியை விக்கிறார். சின்ன ஹைபிரிட். பாட்டரியும் பெட்ரோலும் மாறி மாறி ஓட்டும். சிக்னல்ல நின்னா எஞ்சின் தானா அணைஞ்சிடும். உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"புகை?"

"வருஷா வருஷம் என்கிட்டதான் வருது. எனக்குத் தெரியாத வண்டியா?"

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் டாக்டர் வீட்டுக்குப் போனோம். வண்டி முற்றத்தில் நின்றது. சாம்பல் நிறம். நாத்தனார் சொல்லப் போவதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் அது நின்றபோது எந்தச் சத்தமும் இல்லை. வண்டி அணைந்துவிட்டதோ என்று பயந்து சாவியைத் தேடினேன். சாவியே இல்லாத வண்டி. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தால், கடைவீதி நெரிசலிலும் இருபத்தொன்று. கழிக்க வேண்டியதே இல்லை. மனதுக்குள் அப்போதே வாங்கிவிட்டேன்.

டாக்டர் ஒழுங்கான மனிதர். வாங்கிய நாளிலிருந்து வந்த ஒவ்வொரு காகிதத்தையும் துளையிட்டு ஃபைலில் கோத்து வைத்திருந்தார். "எல்லாம் இதுல இருக்கும்மா. புகைச் சீட்டு மூணும் இருக்கு. உங்க வீட்டுக்காரர் கையெழுத்தேதான். அப்புறம் உங்களுக்கு என்ன கவலை?" என்று என் மடியில் வைத்தார்.

நான் சீட்டுகளை அடுத்தடுத்து விரித்தேன். என் தொழில் புத்தி அது. காகிதம் மூன்று இருந்தால் வரிசையாக வைத்துத்தான் படிப்பேன். முதல் வருஷம்: கார்பன் மோனாக்சைடு 0.04, அடுத்த கட்டத்தில் எரியாத பெட்ரோல் 31. இரண்டாம் வருஷம்: 0.04, 31. மூன்றாம் வருஷம்: 0.04, 31. மூன்றின் கீழும் இவருடைய கையெழுத்து. பெயரின் முதல் எழுத்து பெரிதாக, மிச்சம் ஓடிப்போன மாதிரி.

நான் சொல்வது வேறு யாருக்கும் புரியுமா என்று தெரியாது. ஒரே ஆளின் ரத்தத்தை ஒரே காலையில் இரண்டு தடவை எடுத்தாலும் எண் அப்படியே வராது. நூற்று நான்கு வரும், அடுத்து நூற்று ஆறு வரும். ஒரு எண் அசையாமல் நிற்கிறது என்றால் அதற்கு எங்கள் கூடத்தில் ஒரே அர்த்தம்: சாம்பிளை மெஷினில் ஓட்டவே இல்லை, பழைய எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வண்டி ரத்தம் இல்லைதான். ஆனால் மூன்று வருஷத்தில் டயர் தேய்கிறது, எண்ணெய் கறுக்கிறது, மனிதனுக்கு மூட்டு வலி வருகிறது. அந்த வண்டிக்கு மட்டும் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நான் தலையைத் தூக்கி இவரைப் பார்த்தேன். இவர் என் மடியில் இருந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலை இவர் எதிர்பார்க்கவில்லை. "யோசிச்சுச் சொல்றோம் டாக்டர்" என்று ஃபைலைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். இவருடைய ஸ்கூட்டரில்தான் திரும்பினோம். தோளைப் பிடிக்காமல், பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் பாத்திரத்தை எடுத்துப் போடுகிற சாக்கில் கேட்டேன்.

"டெஸ்ட் பண்ணுனீங்களா, இல்லையா?"

இவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை. மறைக்கத் தெரியாது. கதவோரம் நின்று சொன்னார்.

"முதல் வருஷம் பண்ணினேன். அன்னிக்கு அதோட பாட்டரி இறங்கியிருந்துது, அதனால எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துது. ரெண்டாம் வருஷம் குழாயைச் செருகினேன், எஞ்சின் அணைஞ்சிடுச்சு. அந்த வண்டி நின்னா அணைஞ்சிடும். அணைஞ்ச எஞ்சின்ல புகை எங்க வரும்? மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன், மறுபடி அணைஞ்சுது. பின்னாடி பதினோரு வண்டி ஹாரன் அடிக்குது. மேலிடத்துக்குப் போன் போட்டா எடுக்க ஆளில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நல்ல வண்டிதானே, போன வருஷம் வந்ததே வரும்னு எழுதிட்டேன்."

"மூணாம் வருஷம்?"

"மூணாம் வருஷம் செருகிக்கூடப் பார்க்கலை."

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் எங்கள் கூடத்தில் என்னோடு பத்து வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட ஒருத்தி, மெஷின் கெட்டுப்போன ஒரு காலையில், ஆறு பேருடைய ரிப்போர்ட்டில் அவர்களுடைய பழைய எண்களையே எழுதி அனுப்பிவிட்டாள். அதை நான்தான் கண்டுபிடித்தேன். நான்தான் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு வேலை போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து இதே சமையலறையில் நான் அழுதபோது, இவர் என் முதுகைத் தட்டி, "நீ செஞ்சதுதான் சரி. கையெழுத்துன்னா கையெழுத்துதான்" என்றார். எனக்கு அந்த வாக்கியம் பெரிய ஆறுதலாக இருந்தது. பல நாள் அதை வைத்துத்தான் தூங்கினேன்.

இப்போது தேதியைக் கணக்குப் பார்த்தேன். மூன்றாவது சீட்டு அதற்கு இரண்டு மாதம் முந்தியது.

"அன்னிக்கு என்கிட்ட அப்படிச் சொன்னீங்களே, அப்ப இது ஞாபகம் வரலையா?"

"வரலை" என்றார். "சத்தியமா வரலை. அதுதான் எனக்கும் பயமா இருக்கு."

பொய் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். உண்மையைச் சொன்னதால் கத்த வழியில்லாமல் போயிற்று. குழாயைத் திறந்து கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

"வேற எத்தனை வண்டிக்கு?"

"ஹைபிரிட் எல்லாத்துக்கும் இல்லை. ஒரு அஞ்சாறுக்கு."

"அஞ்சா, ஆறா?"

இவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். பிறகு கேட்டார்: "அவளை மாதிரி என்னையும் எழுதிக் கொடுத்துடுவியா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவளிடம் நான் காரணம் கேட்கவே இல்லை. காரணம் சொல்ல வந்தவளைக் கையைக் காட்டி நிறுத்தினேன். இவரிடம் பதினோரு வண்டி ஹாரன் அடித்ததுவரை நின்று கேட்டேன். புருஷனுக்கு ஒரு தராசு, ஊராருக்கு ஒரு தராசு. அந்த நிமிஷம் எனக்கு இவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கூச்சம்தான் அதிகம். அதற்காக இவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லி வண்டியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றேன். "என் முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அடுத்த ஞாயிறுவரை ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேஜையில் டாக்டரிடம் இரவல் வாங்கிய அந்த வண்டியின் கையேடு கிடந்தது. செங்கல் கனம். இவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். எஞ்சின் அணையாமல் ஓடவைக்க ஒரு வழி அதிலேயே இருந்தது, முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில். மூன்று வருஷமாக அந்தப் புத்தகம் டாக்டர் காரின் முன்பெட்டியில்தான் கிடந்திருக்கிறது. நாத்தனார் இறங்கி வந்து, "அண்ணா என்ன, பரீட்சைக்குப் படிக்கிறாரா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். புதன்கிழமை இவர் தானாகவே ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஏழு வண்டிகளின் பதிவு எண்கள் எழுதியிருந்தன.

"ஏழு பேருக்கும் போன் பண்ணிட்டேன். இலவசமா மறுபடி பார்த்துத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

"ஏன்னு கேட்டாங்களா?"

"ஒருத்தர்தான் கேட்டார். நான் சரியாப் பார்க்கலைன்னு சொன்னேன். அவர் நான் ஏதோ காசு கேட்கப் போறேன்னு நினைச்சு போனை வச்சிட்டார்."

அன்றைக்கு நான் இவருக்குத் தட்டில் பரிமாறினேன். அதற்கு முந்தின நான்கு நாளும் இவரே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை. ஷட்டரைத் தூக்கி உள்ளே போனோம். இவ்வளவு வருஷத்தில் நான் அதற்குள் வந்ததில்லை. தரையில் எண்ணெய்க் கறை, சுவரில் எண்கள் எழுதிய அட்டை, மூலையில் எங்கள் கூடத்து மெஷினில் பாதி அளவு ஒரு பெட்டி. டாக்டர் வண்டியை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று போய்விட்டார். அவருக்கு இது எதற்கு என்று புரியவில்லை. வாங்குகிறவர்களின் வீண் சந்தேகம் என்று நினைத்திருப்பார்.

இவர் உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்தார், கியரை மாற்றி இரண்டு முறை, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி இரண்டு முறை. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிய வேண்டுமாம். முதல் தடவை நேரம் தாண்டிவிட்டது. இரண்டாவது தடவை எங்கோ எண்ணிக்கை தவறிவிட்டது. நெற்றி வியர்த்தது. இருபது வருஷம் செய்த வேலையில் இவர் தடுமாறியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சுவர் அட்டையைப் படித்தேன். மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணையவில்லை. சூடாகட்டும் என்று காத்திருந்து, குழாயை எடுத்து, முழங்கை நீளத்துக்கு உள்ளே செருகினார்.

திரையில் எண்கள் ஏறி இறங்கி நின்றன. 0.02. அடுத்த கட்டத்தில் 24.

எழுதி வைத்திருந்ததைவிடச் சுத்தம். இவர் பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார். பத்து வயது குறைந்த முகம். "பாத்தியா? அன்னிக்கே சொன்னேனே, நல்ல வண்டின்னு!"

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றேன்.

சந்தேகம் வந்தால் எங்கள் கூடத்தில் இரண்டு தடவை ஓட்டுவோம். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. இவர் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல இறங்கியது. குழாயை உருவினார், மெஷின் பூஜ்யத்துக்கு வரக் காத்திருந்தார், மறுபடி செருகினார். 0.03. 26. எண் கொஞ்சம் அசைந்திருந்தது. அது அசைந்ததைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வண்டி பச்சை ஸ்டிக்கருக்குத் தாராளமாகத் தேறும். திங்கட்கிழமையே பணத்தைக் கொடுத்துவிடலாம். இவர் எஞ்சினை நிறுத்தினார். நிலையம் திடீரென்று அமைதியாகிவிட்டது.

"இப்பவாவது நம்புறியா?" என்றார்.

"வண்டியை நம்புறேன்."

இவர் தலையை ஆட்டினார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எண்களை ஒற்றை விரலால் தட்டினார், சீட்டை அச்செடுத்தார், பேனாவால் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் வாங்கி, திரையில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு கட்டமாக ஒத்துப் பார்த்தேன், இவர் எதிரிலேயே. தேதியையும் பார்த்தேன். நான் பார்த்து முடிக்கும்வரை இவர் நின்றுகொண்டிருந்தார்.